பச்சையில இருக்கிறவங்க

ஏப்ரல் 7, திங்கள்

டைரி எழுதினா மனசு லேசாகும்னு பெனாசிர் சொல்லுச்சு. மதுரை ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிள்ளை. என் மனசு கனமா எல்லாம் இல்ல, நுரையீரல்தான் சரியில்லன்னேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்குன்னு சிரிச்சுச்சு. சின்னப் பிள்ளை, வாய் இருக்கு.

விஷயம் இதுதான். என் பேரு வீரலட்சுமி, வயசு அறுபத்தொண்ணு. அருப்புக்கோட்டையில ரேஷன் கடையில முப்பது வருஷம் சாக்குத் தூசியையும் மண்ணெண்ணெய் வாடையையும் இழுத்ததுல மூச்சு நோய் வந்துருச்சு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. மாடியில வாடகை வீட்டுல தனியா இருக்கேன். ஒரே மகன் மாறன், ஓசூர்ல கம்பெனி வேலை. அங்க வா, அங்க வான்னு உசுரை வாங்குறான். கடைசியா ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கோம். ஆஸ்பத்திரிக்காரங்க போன் வழியா மூணு மாசம் பயிற்சி கொடுக்கிறாங்க. அது முடியுறப்போ டாக்டர், 'இந்தம்மா தனியா இருக்கலாம்'னு சொன்னா இங்க இருப்பேன். இல்லேன்னா ஓசூர்.

ஓசூர் குளுரு. அங்க பாதிப் பேர் தெலுங்கு பேசுறான், பாதிப் பேர் கன்னடம் பேசுறான். சண்டை போடக்கூட ஆள் கிடையாது. எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்ல. அதனால பாஸ் பண்ணியே ஆகணும்.

ஏப்ரல் 9, புதன்

போன்ல ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்காங்க. தினம் காலையில விரல்ல கிளிப்பு மாட்டி, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு அது காட்டுற நம்பரை ஆப்ல போடணும். அப்புறம் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?'னு கேட்கும். கீழே அஞ்சு மூஞ்சி. இந்தக் கோடியில அழுறது, அந்தக் கோடியில சிரிக்கிறது. ஒண்ணைத் தொடணும்.

காலங்காத்தால எந்திரிச்சு அழுற மூஞ்சியை எவ தொடுவா? எப்படி இருக்கேன்னு யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்றதுதான் முறை. எங்க வீட்டுக்காரர் மூக்குல குழாயோட கிடந்தப்போகூட, பார்க்க வந்தவங்ககிட்ட கையை ஆட்டி நல்லா இருக்கேன்னுதான் காட்டுனாரு. சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டேன்.

நம்பரும் மூஞ்சியும் சரியா இருந்தா அங்க பெனாசிர் கம்ப்யூட்டர்ல நம்ம பேரு பச்சையா தெரியுமாம். மோசமா இருந்தா சிவப்பு. சிவப்புல வர்றவங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல, ஆடிட்டர் என் கணக்குல ஒரு சிவப்புக் கோடு போட்டதில்ல. இனிமேலா போட விடப்போறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆள்காட்டி விரல்ல எண்பத்தொம்பது. கொஞ்சம் உட்கார்ந்துட்டு மறுபடி மாட்டுனேன், தொண்ணூறு. மோதிர விரல்ல தொண்ணூத்திமூணு. அதையே போட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

வாரத்துக்கு மூணு நாள் வீடியோவுல கிளாஸ். மொத்தம் ஒம்பது பேரு, கட்டம் கட்டமா தெரியுறோம். மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, சூடான காபியை ஊதுற மாதிரி மெதுவா ஊதணும். திண்டுக்கல் ராமலிங்கம் சார் எப்பவும் சத்தத்தை அணைச்சு வச்சுக்கிட்டே பேசுறாரு. வாய் மட்டும் ஆடும். என்ன சொல்றாருன்னு தெரியாம எல்லாரும் தலையாட்டுறோம். வி.ஏ.ஓ.வா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவருக்கு அது பழக்கம்தான்.

கிளாஸ் முடிஞ்சு பெனாசிர் போயிரும். நாங்க போகமாட்டோம். 'வெளியேறு'ன்னு ஒரு பட்டன் இருக்கு, சீக்காளி எவனாவது அதைத் தொடுவானா. அப்படியே உட்கார்ந்து இன்னிக்கு என்ன குழம்புன்னு பேசிக்கிட்டு இருப்போம். உடன்குடி சவரிமுத்து அண்ணாச்சிதான் பெரிய பேச்சு. லாரி ஓட்டுனவரு, பீடியால நெஞ்சு கெட்டவரு. "ஏன் தங்கச்சி, ஒரு கிலோன்னா உங்க கடையில எவ்வளவு?"ன்னு கேட்டாரு. "கார்டைப் பொறுத்து அண்ணாச்சி"ன்னேன். சிரிச்சு சிரிச்சு அவருக்கு இருமல் வந்துருச்சு. அவர் சம்சாரம் மரியபுஷ்பம் மதினி வந்து நெஞ்சைத் தடவிவிட்டுட்டு, போனுக்குள்ள என்னைப் பார்த்து மொறைச்சுட்டுப் போச்சு.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாறன் வீடியோ கால் போட்டான். நல்லா இருக்கியாம்மான்னான், நல்லா இருக்கேன்னேன். நீ நல்லா இருக்கியாடான்னேன், நல்லா இருக்கேன்னான். தேன்மொழி எங்கடான்னு கேட்டா கோயிலுக்குப் போயிருக்கான்னான். பேரன் இன்பா எங்கன்னா, டியூஷனாம். யூ.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை டியூஷன். ஓசூர்க்காரங்க எதையும் செய்வாங்க.

நான் போன்ல ரொம்பப் பேசுறதில்ல. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா இடையில நிறுத்தணும், நிறுத்தினா அவன் கவனிச்சிருவான். பேசுறவன் அவனே பேசட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

அண்ணாச்சி சிவப்புல வந்துட்டாரு. பெனாசிர் போன் பண்ணி, திங்கக்கிழமை வந்து பெட்ல சேருங்கன்னு சொல்லிருச்சாம். போன வருஷம் ரொம்ப நாள் உள்ள கிடந்து வந்தவரு. "இன்னொரு தடவை அந்த வாசலை மிதிக்க மாட்டேன் தங்கச்சி, மிதிச்சா பொணமாத்தான் திரும்புவேன்"ன்னாரு. எனக்கு மனசு கேட்கல.

மத்தவங்க எல்லாம் சாப்பிடப் போனதும் சொல்லிக்கொடுத்தேன். "முதல்ல அசையாம உட்கார்ந்து நல்லா ஊதுங்க. கையை உரசிச் சூடு பண்ணுங்க. அப்புறம் ஒவ்வொரு விரலா மாட்டிப் பாருங்க. எது நல்ல நம்பர் காட்டுதோ, அதைப் போடுங்க. தராசு பொய் சொல்லாது அண்ணாச்சி. நாம எப்ப பார்க்கிறோம்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்."

"மூஞ்சி?"ன்னாரு.

"சிரிக்கிற மூஞ்சிதான். இதெல்லாமா கேட்பாங்க."

ஏப்ரல் 28, திங்கள்

அண்ணாச்சி பச்சை. பெட்ல சேர வேண்டியதில்ல, வீட்டுலயே பார்ப்போம்னு பெனாசிர் சொல்லிருச்சு. மதினி போனுக்கு முன்னாடி வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டுச்சு. எனக்கு ஒரே பெருமை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சுருச்சு. தினம் குளிக்கிறதை விட்டுட்டேன். தண்ணிக் கஷ்டம் வர்ற நேரம், நாமதான் சிக்கனமா இருக்கணும். காய்க்காரன் வந்தா கயிறுல கூடையை இறக்குறேன், மாடிப்படி ஏறி இறங்குறது வெட்டி வேலை. ராத்திரி நாற்காலியிலயே தூங்கிக்கிறேன். கட்டில் ரொம்பப் பழசு, முதுகைக் குத்துது. சமையலும் குறைச்சாச்சு. வயசானா ரவைக் கஞ்சி போதும், எங்கம்மாவும் கடைசியில அதைத்தான் குடிச்சா.

மத்தபடி நல்லா இருக்கேன்.

மே 11, ஞாயிறு

மாறன் போன்ல, ரசத்துக்குப் புளி எவ்வளவும்மான்னு கேட்டான். பொண்டாட்டி இருக்கிறவனுக்குப் புளியைப் பத்தி என்ன கவலை. இந்தக் காலத்துல ஆம்பளைங்களும் சமைக்கிறாங்க, நல்லதுதான். தேன்மொழி குளிச்சுக்கிட்டு இருந்தா. போன ஞாயிறும் குளிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. சுத்தமான பிள்ளை, ஆனா மாமியார் முகத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா. எனக்குக் கோவம்தான். காட்டிக்கல.

மாறன் போட்டிருந்தது போன வாரத்து அதே நீலச் சட்டை. இஸ்திரி போடல.

மே 16, வெள்ளி

பெரிய டாக்டரே கிளாஸுக்கு வந்தாரு. படம் போட்டுக் காட்டுனாரு, ஒரு கோடு மேல மேல ஏறுது. ஒம்பது பேருக்கும் உடம்பும் மனசும் முன்னேறியிருக்காம். இதை வெளிநாட்டுல ஒரு கூட்டத்துல சொல்லப்போறாராம். எல்லாரும் கைதட்டுனோம். தட்டுனதுல நாலு பேருக்கு மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் கிளாஸை நிறுத்தி வச்சாங்க.

மே 21, புதன்

அண்ணாச்சி இன்னிக்கு ரெண்டு முழங்கையையும் மேசையில ஊனிக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. என்ன குழம்புன்னு கேட்டேன். "மீன்"ன்னாரு. கொஞ்சம் கழிச்சு "குழம்பு"ன்னாரு. வெயிலு. கடல் பக்கம் புழுக்கம் ஜாஸ்தி.

மே 30, வெள்ளி

அண்ணாச்சி பேசவே இல்ல. நாங்க பேசுறதைக் கேட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. உதடு நாவப்பழம் தின்னவர் மாதிரி இருந்துச்சு. போனோட கலர் கோளாறாக்கூட இருக்கலாம்.

"அண்ணாச்சி, எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

கையைத் தூக்கிக் காட்டுனாரு, நல்லா இருக்கேன்னு. நல்லா இருக்கேன்னு சொல்றவரை அதுக்கு மேல என்னத்தக் கேட்க.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சி கட்டம் இல்ல. பெனாசிர் வந்ததும் வராததுமா அழுதுச்சு. நேத்து மத்தியானம் ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சாம்.

"காலையிலகூட தொண்ணூத்தஞ்சு போட்டு, சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தாரும்மா. பச்சையில இருந்தாரு. அதனாலதான் நான் கூப்பிடல"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. ராமலிங்கம் சார் ரொம்ப நேரம் ஏதோ சொன்னாரு. சத்தம் வரல. யாரும் தலையாட்டல.

ஜூன் 5, வியாழன்

நான் சொல்லிக்கொடுத்ததுதான். எழுதித் தொலைக்கிறேன்.

சிவப்புல வந்தவரை அவங்க கூப்பிட்டாங்க, சேர்க்கிறோம்னாங்க. நான்தான் குறுக்க புகுந்து பச்சையாக்குனேன். அவர் போகமாட்டேன்னாரு, அவருக்குப் பயம், எல்லாம் சரி. ஆனா வழி சொன்னது இந்த வாய். கஞ்சியும் இறங்கல.

இன்னிக்குக் காலையில என் மோதிர விரல்ல தொண்ணூத்தொண்ணு. போட்டேன். மூஞ்சிகள்ல எதைத் தொடுறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். கடைசியில பழையபடி சிரிக்கிறதையே தொட்டேன். ஒப்பந்தம் இருக்கே.

ஜூன் 11, புதன்

மதினிக்குப் போன் போடணும்னு அஞ்சாறு நாளா போனை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேன். இன்னிக்குப் போட்டுட்டேன். என்ன கேட்கிறதுன்னு தெரியாம, வாய்ப் பழக்கத்துல, "எப்படி இருக்கீங்க மதினி?"ன்னுட்டேன்.

"நல்லா இருக்கேம்மா"ன்னுச்சு.

புருஷனைப் புதைச்சு எட்டு நாள். நல்லா இருக்காம். அதுவும் வாய்ப் பழக்கத்துலதான் சொல்லியிருக்கும். அந்தப் பக்கம் ஏதோ கோழி கத்துச்சு. கடைசியில மதினிதான் சொல்லுச்சு: "அவுகளும் அன்னிக்குக் காலையில என்கிட்ட அதைத்தான் சொன்னாக. நானும் சரின்னு தண்ணி பிடிக்கப் போயிட்டேன்."

விரல் விஷயத்தை மதினிகிட்ட சொன்னேன். எனக்குத் தெரியும்மா, பக்கத்துலதானே இருந்தேன்னுச்சு. வையல. வஞ்சிருந்தா தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

மாறன் அடுத்த வாரம் லீவு போட்டு வர்றான். முப்பதாம் தேதி டாக்டர் என்னைத் தனியா வீடியோவுல பார்த்து முடிவு சொல்றாரு. தேன்மொழியும் பிள்ளையும் வருவாங்களான்னேன். பிள்ளைக்கு ஸ்கூல் திறந்துட்டாங்கன்னான். இன்பாவை ஒரு நிமிஷம் காட்டுடான்னேன். தூங்கிட்டான்னான். மணி ஏழுதான் ஆகியிருந்துச்சு.

ஜூன் 28, சனி

மாறன் வர்றதுக்குள்ள வீட்டைச் சரி பண்ணணும். நாற்காலியில கிடந்த தலையணையைக் கட்டில்ல போட்டேன். கீழ் வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு குழம்பு வைக்கச் சொல்லி, கொஞ்சம் சட்டியில ஒட்ட விட்டு அடுப்பு மேலயே வச்சேன். தினம் சமைக்கிற வீடு மாதிரி இருக்கணும். இவ்வளவு செஞ்சதுக்கே ரெண்டு தடவை உட்கார வேண்டியதாப் போச்சு.

ஜூன் 30, திங்கள்

இன்னிக்கு நடந்ததை ஒழுங்கா எழுதுறேன்.

மாறன் நேத்து வந்தான். மெலிஞ்சிருக்கான். காலையில நான் வழக்கம்போல உட்கார்ந்து ஊதி, கையை உரசித் தயாரா இருந்தேன். டாக்டர் வந்தாரு, பக்கத்துக் கட்டத்துல பெனாசிர். என் பக்கத்துல மாறன்.

"எப்படிம்மா இருக்கீங்க?"ன்னாரு டாக்டர்.

நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுச்சு. வீடு எனக்கு, ஓசூர் இல்ல. வாயைத் திறந்தேன். மதினி போன்ல சொன்னது காதுலயே இருந்துச்சு.

"நல்லா இல்ல டாக்டர்."

டாக்டர் ஏதோ பேப்பரைப் பார்த்தாரு. "மூணு மாசமும் பச்சையிலதானேம்மா இருந்திருக்கீங்க."

"அது மோதிர விரல் டாக்டர்."

சொல்ல ஆரம்பிச்சதும் நிக்கல. படுத்தா மூச்சு முட்டுது, மாசிலேருந்து உட்கார்ந்துதான் தூங்குறேன். ரெண்டு சொம்புத் தண்ணி ஊத்துறதுக்குள்ள கண்ணு இருட்டுது, வாரத்துக்கு ஒருக்கத்தான் குளிக்கிறேன். அடுப்புக்கிட்ட நிக்க முடியல. சட்டியில இருக்கிற குழம்பு நான் வச்சதில்ல. சவரிமுத்து அண்ணாச்சிக்கு விரல் வித்தை சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இடையில இடையில நிறுத்தி மூச்சு வாங்கித்தான் சொன்னேன். பெனாசிர் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. மாறன் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

ஊதாம, உரசாம ஆள்காட்டி விரல்ல மாட்டச் சொன்னாரு டாக்டர். எண்பத்தஞ்சு. ராத்திரிக்கு ஆக்சிஜன் மிஷின் வீட்டுலயே வேணும், மருந்தை மாத்தணும், பக்கத்துல கட்டாயம் ஆள் இருக்கணும்னுட்டாரு. தனியா இருக்கிற பேச்சே கிடையாது. ஃபெயில்.

டாக்டர் போன பிறகு பெனாசிர் மட்டும் இருந்துச்சு. வையப்போகுதுன்னு நினைச்சேன். "பச்சைன்னா நல்லா இருக்காங்கன்னு நானும் நம்பிட்டேன்மா. சவரிமுத்து சார் உதட்டை வாரத்துக்கு மூணு நாள் நானும்தானே பார்த்தேன்"ன்னுச்சு.

மத்தியானம் மாறன் ரசம் வச்சான். நான் அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். புளி கரைச்சதும், பூண்டைத் தட்டுனதும், கடுகு வெடிக்கிறதுக்குள்ள தீயைக் குறைச்சதும் பார்த்தேன். எப்பவாவது சமைக்கிறவன் கை இல்ல அது.

"தேன்மொழி எப்படிடா இருக்கா?"ன்னேன்.

"நல்லா இருக்காம்மா."

"நீ?"

"நல்லா இருக்கேன்மா."

"நான் காலையில டாக்டர்கிட்ட சொன்னேன்ல. அது மாதிரி சொல்லு."

கரண்டியை வச்சான். அடுப்பை அணைச்சான். என் பக்கம் திரும்பாம சுவத்தைப் பார்த்தே சொன்னான். "நானும் நல்லா இல்லம்மா."

பிப்ரவரியிலயே அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கரூர்ல அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாளாம். அடியும் இல்ல, பிடியும் இல்ல. "வீட்டுல நான் பேசுறதே இல்லைன்னா. என்ன ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்பா. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லி முடிச்சிருவேன். வேலையில என்னைக் கீழ இறக்குனதைக்கூட அவளுக்கு வேற யாரோ சொல்லித்தான் தெரியும். செவுத்தோட குடும்பம் நடத்த முடியாதுன்னு போயிட்டா."

"அப்ப என்னை ஓசூருக்கு வா, வான்னு கூப்பிட்டது?"

"உனக்காகத்தான்." ரசத்தை மூடி வச்சான். "வீட்டுக்குள்ள போனா சத்தமே இல்லம்மா."

என் வளர்ப்பு. யாரைக் குத்தம் சொல்ல. நான் அழுதேன், அவனும் அழுதான். அழுததுல எனக்கு மூச்சு வாங்குச்சு. அவன் ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டு, "ஊதும்மா, காபி ஊதுற மாதிரி ஊது"ன்னான். ஊதுனேன். அப்புறம் ரெண்டு பேரும் ரசம் சாப்பிட்டோம். புளி கொஞ்சம் தூக்கல், சொல்லிட்டேன்.

ஜூலை 2, புதன்

வீட்டுக்காரம்மாகிட்ட காலி பண்றேன்னு சொல்லியாச்சு. டாக்டர் சொன்னதுக்காகன்னு அந்தம்மா நினைச்சுக்கிச்சு. அதுக்காக மட்டும் இல்ல. இவனை அங்க தனியா விட முடியாது.

பயிற்சியை இன்னும் மூணு மாசம் நீட்டிட்டாங்க. இன்னிக்குக் கிளாஸ்ல பெனாசிர் எல்லாரையும் கிளிப்பைக் கேமரா முன்னாடி, சொன்ன விரல்ல மாட்டச் சொல்லுச்சு. எட்டுப் பேர்ல அஞ்சு பேர் சிவப்பு. ராமலிங்கம் சார்தான் அதிகச் சிவப்பு. இனிமே பச்சையில இருக்கிறவங்களையும் கூப்பிடுவாங்களாம். ஆப்ல இருந்து மூஞ்சியை எடுக்கப்போறாங்களான்னு கேட்டேன். மேலிடத்துல கேட்கணுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

ஓசூர். குளுருதான். நான் சொன்னது சரிதான்.

ராத்திரி மிஷின் மாவரைக்கிற மாதிரி சத்தம் போடுது, ஆனா படுத்துத் தூங்குறேன். மாறன் வேலை விட்டு வந்ததும் அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும்னு உத்தரவு போட்டிருக்கேன். முதல் நாள் மூணு வாக்கியம் சொன்னான். நேத்து மேனேஜரைத் திட்டுனான், ரொம்ப நல்லாத் திட்டுனான்.

இன்னிக்கு அவன் கடைக்குப் போனதும் தேன்மொழிக்குப் போன் போட்டேன். எடுத்தா.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அத்தை. நீங்க?"

"நான் நல்லா இல்லம்மா. ராத்திரி மிஷின் வச்சுத்தான் மூச்சு விடுறேன். உன் புருஷனும் நல்லா இல்ல. முந்தாநாள் உப்பே போடாத சாம்பாரைச் சாப்பிட்டு எந்திரிச்சுப் போறான், அவனுக்குத் தெரியவே இல்ல. எங்க ரெண்டு பேர் கதை அவ்வளவுதான். உன்னைக் கூட்டிட்டு வர்றதுக்காகப் பேசல. எப்படி இருக்கேன்னு நிஜமா கேட்கத்தான் போன் போட்டேன். இப்ப நீ சொல்லு."

வச்சுட்டாளோன்னு போனைப் பார்த்தேன், வைக்கல. அப்புறம் மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. பேச ஆரம்பிச்சா.

நான் குறுக்க பேசல. பேச மூச்சும் இல்ல. அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் முடிக்கல. போன் காதுல இருக்க, இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.